தாய்மாமனுக்கு அழிக்கும் உரிமை

கோயில் கொடையில் முதல் மரியாதை யாருக்கு என்று அடிதடி நடந்து பார்த்திருப்பீர்கள். கல்யாணப் பந்தியில் தன்னைக் கவனிக்கவில்லை என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போகிற சம்பந்தியையும் பார்த்திருப்பீர்கள். கம்ப்யூட்டரில் கிடக்கும் ஃபைலை அழிக்கும் உரிமை யாருக்கு என்று ஒரு குடும்பம் முகம் கொடுத்துப் பேசாமல் திரிந்தது தங்கத்தாய் லித்தோ வொர்க்ஸில் மட்டும்தான் நடந்தது.

விருதுநகரிலிருந்து சிவகாசி போகிற ரோட்டில், ஆமத்தூரைத் தாண்டி இருக்கிறது அந்த அச்சகம். காலண்டர், டைரி, பட்டாசுப் பெட்டி லேபிள் எல்லாம் அடிப்பார்கள். முதலாளி தனுஷ்கோடி அண்ணாச்சி. கம்பெனிக்கு மனைவி தங்கத்தாயின் பெயரை வைத்த பெருந்தன்மையோடு நிறுத்திக்கொண்டார். அந்த அம்மாளுக்குக் கம்பெனிக்குள் ஒரு நாற்காலிகூடக் கிடையாது. மகன் சரவணக்குமார் கோயம்புத்தூரில் எம்.பி.ஏ. முடித்துவிட்டு வந்து, தனக்குத்தானே 'டைரக்டர், டிஜிட்டல் டிரான்ஸ்ஃபர்மேஷன்' என்று ஒரு பதவி சூட்டிக்கொண்டான். பதவியின் நீளத்தில் விசிட்டிங் கார்டில் இடம் தீர்ந்துபோய், போன் நம்பரை அட்டையின் பின்பக்கம் அடிக்க வேண்டியதாயிற்று. சொந்த அச்சகம் என்பதால் யாரும் கேட்கவில்லை.

அங்கே சர்வரைப் பார்த்துக்கொள்வது வேல்விழியின் வேலை. முன்பு வெளியூர் ஏஜெண்டுகள் காலண்டர் டிசைனைப் பென் டிரைவில் போட்டு, பஸ் கண்டக்டரிடம் கொடுத்தனுப்புவார்கள். பாதி திருத்தம் கண்டக்டர் பையிலேயே தென்காசி வரை போய்த் திரும்பும். இப்போது, அச்சுத் தகடு தயாரிக்கிற பிளேட் ரூம் மூலையில் ஒரு கம்ப்யூட்டர் இரவும் பகலும் ஓடுகிறது. அதுதான் சர்வர். அதில் ஊருக்கு ஒரு ஃபோல்டர். ஆலங்குளம் ஏஜெண்ட் தன் வீட்டிலிருந்தே ஆலங்குளம் ஃபோல்டரில் கடைக்காரர் போட்டோவையும் திருத்தத்தையும் ஏற்றிவிடுவார். இங்கே எடுத்துப் பிளேட் போடுவார்கள்.

வேல்விழி ஒரே ஒரு சட்டம் வைத்திருந்தாள். யார் வேண்டுமானாலும் ஏற்றலாம். ஏற்றியதை யாரும் அழிக்க முடியாது, அவளைத் தவிர. அழிக்கிற வேலையையும், யாருக்கு என்ன அனுமதி என்று மாற்றுகிற வேலையையும் அந்தக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துதான் செய்ய முடியும். போனிலிருந்தோ வீட்டிலிருந்தோ அவளாலும் முடியாது. கள்ளன் வெளியிலிருந்து வந்தால் என்ன செய்வது என்று யோசித்து வைத்த ஏற்பாடு.

கள்ளன் வரவில்லை. தாய்மாமன் வந்தார்.

அருள்பாண்டி, தங்கத்தாயின் தம்பி. கம்பெனியில் பேப்பர் கொள்முதல் அவர் பொறுப்பு. ஆனால் அவருடைய உண்மையான உத்தியோகம் தாய்மாமன்தான். காது குத்து, பூப்பு நீராட்டு, கம்பெனிக்குப் புது மிஷின் வருவது, எதுவானாலும் அவர் கை படாமல் நடக்காது. அவர் ஒருநாள், தான் பட்டுச் சட்டையில் நிற்கும் போட்டோ ஒன்றைச் சர்வரில் ஏற்றினார். அது படுத்த வாக்கில் விழுந்தது. அழித்துவிட்டு மறுபடி ஏற்றலாம் என்று பார்த்தால், 'உங்களுக்கு அனுமதி இல்லை' என்றது சர்வர்.

"எனக்கா?" என்று பிளேட் ரூமுக்குள் வந்து நின்றார். "எனக்கு அனுமதி இல்லையா? ஏ புள்ள, இந்தக் கம்பெனிக்குக் கடக்கால் தோண்டுறப்ப மொதக் கல்லு எடுத்துக் குடுத்தவன் நான்."

"உங்களுக்கு மட்டும் இல்ல அண்ணாச்சி, யாருக்குமே இல்ல. கோயில் உண்டியல் மாதிரி. எல்லாரும் போடலாம், யாரும் கைய விட்டு எடுக்க முடியாது" என்று பணிவாகத்தான் சொன்னாள் வேல்விழி. உவமை சொன்னால் புரியும் என்று அவளை யாரோ நம்ப வைத்திருந்தார்கள்.

"அப்ப நான் உண்டியல்ல காசு போட்டுட்டுப் போற ஆளு. நீ தர்மகர்த்தா. அப்படித்தான?"

அன்று சாயங்காலமே தனுஷ்கோடி அறையில் பஞ்சாயத்து. மாமாவுக்குக் கொடுப்பதென்றால் டைரக்டருக்கு வேண்டாமா என்றான் சரவணக்குமார். பெத்த மகனுக்குக் கொடுத்துவிட்டு முதலாளிக்கு இல்லை என்றால் ஊர் சிரிக்காதா என்றார் தனுஷ்கோடி. யாருக்கு முதலில் கொடுப்பது என்பதில் பேச்சு முறிந்தது. ஆளுக்கு ஒரு பக்கம் போனார்கள். தங்கத்தாய் வீட்டில் சமைத்த குழம்பை யாருக்கு முதலில் ஊற்றுவது என்று தெரியாமல் பாத்திரத்தோடு மேஜையில் வைத்துவிட்டாள். கடைசியில் மூன்று பேருக்கும் ஒரே சமயத்தில் கொடுப்பதென்று முடிவாயிற்று. சரவணக்குமார் இன்னும் ஒருபடி மேலே போய், மாமாவின் லேப்டாப்பிலேயே சர்வர் ஃபோல்டர்கள் எல்லாம் சாதாரண ஃபோல்டர் மாதிரித் தெரியவும், அங்கிருந்தே அழிக்கவும் வழிசெய்து கொடுத்தான். அதற்குப் பெயர்தான் டிஜிட்டல் டிரான்ஸ்ஃபர்மேஷனாம்.

"குடுக்கேன் அண்ணாச்சி. ஆனா தெரியாம ஏதாச்சும் அழிஞ்சிருச்சுன்னா?" என்றாள் வேல்விழி.

"அழிஞ்சா நீதான் பொறுப்பு" என்றார் தனுஷ்கோடி. "மச்சான் சட்டையப் பிடிச்சு நான் கேக்க முடியுமா? ஒரு ஊர் ஃபைல் காணாமப்போச்சுன்னாலும் மறுநா நீ வீட்ல இருந்துக்கோ."

வீட்டில் இருந்துகொள்வது என்றால் என்ன என்று அவளுக்குத் தெரியும். அவள் அம்மா இருளம்மாள் பட்டாசு ஆலையில் மருந்து செலுத்துகிற வேலை பார்த்தவள். போன பொங்கலோடுதான் அவளை நிறுத்தினாள் வேல்விழி, தன் சம்பளத்தை நம்பி. இன்னமும் காலையில் ஆலை வேன் தெருமுனையில் நின்று பழக்க தோஷத்தில் ஒரு ஹாரன் கூடுதலாக அடித்துவிட்டுப் போகும். ஹாரன் கேட்டதும் இருளம்மாளின் கால் தன்னாலே வாசலுக்குப் போய்த் திரும்பும். இருமல் இப்போதுதான் கொஞ்சம் குறைந்திருந்தது.

விஷயத்தைக் கேட்டதும் இருளம்மாள் சிரித்தாள். "மருந்து ரூமுக்கு ஆளுக்கணக்கு உண்டு. மொதலாளி மகன் வந்தாலும் போர்மேன் வாசல்லயே மறிச்சிருவான். ஒங்க கம்பெனில என்னத்தா, குடும்பத்தோட மருந்துக் குவியல் மேல ஏறி உக்காந்துக்கிட்டு ஆளுக்கொரு தீப்பெட்டி கேக்குறாக?" பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னாள். "ஒன்ன நிறுத்திட்டாகன்னா சொல்லிரு. வேன்காரன் என் எடத்த இன்னும் யாருக்கும் குடுக்கல."

அதற்குப் பிறகு வேல்விழி வாரா வாரம் சனிக்கிழமை எல்லாவற்றையும் ஒரு கையடக்க ஹார்டு டிஸ்கில் நகல் எடுத்து வைக்க ஆரம்பித்தாள். சீசன் நேரத்தில் அது போதாது. சனிக்குப் பிறகு வருகிற திருத்தம் நகலில் இருக்காது. காலண்டர் சீசனில் திருத்தம் முழுவதும் சனிக்குப் பிறகுதான் வரும்.

ஆயுத பூசை வந்தது.

அந்தப் பக்கத்தில் தீபாவளிகூட அடுத்தவனுக்கு விற்கிற பண்டிகை. ஆயுத பூசைதான் சொந்தப் பண்டிகை. காலையிலிருந்தே மிஷின்களைக் கழுவித் துடைத்து, விபூதிப் பட்டை போட்டு, சந்தனம் குங்குமம் வைத்துக்கொண்டிருந்தார்கள். கட்டிங் மிஷினுக்கு ரோஜா மாலை. ஸ்டேப்ளருக்குப் பொட்டு. தள்ளுவண்டிக்கு வாழைக்கன்று. பிளேட் ரூமில் கம்ப்யூட்டர்களுக்கும் அலங்காரம் நடந்தது. மவுஸுக்கு வைத்த மூன்று விரல் பட்டையில் அது பிள்ளையார் வாகனமாகவே ஆகிவிட்டிருந்தது. பேக்கப் ஹார்டு டிஸ்கையும் யாரோ பக்தர் விடவில்லை. ஒயர் சொருகுகிற வாயைப் பார்த்துச் சந்தனத்தை அப்பியிருந்தார்.

சர்வரை மட்டும் அணைக்கவில்லை. லீவு நாளிலும் ஏஜெண்டுகள் ஏற்றிக்கொண்டிருப்பார்கள். போதாக்குறைக்கு, அதன் மானிட்டரில் சரஸ்வதி படம் தெரிய வேண்டும், வீடியோ எடுத்துப் போட வேண்டும் என்று சரவணக்குமார் சொல்லியிருந்தான். ஆகவே சர்வருக்கு மாலை, கீபோர்டின் மேல் ஒரு சீப்பு வாழைப்பழம், மானிட்டரில் வீணையோடு சரஸ்வதி. அவள் பாதத்துக்குக் கீழே, திரையின் மூலையில், சர்வரின் சின்ன ஜன்னல் ஒன்று திறந்து கிடந்தது. யாராவது ஏற்றினால் அதில் பச்சை வரி ஓடும். அழித்தால் சிவப்பு.

பூசாரி கருப்பணன் மணியடித்துக்கொண்டிருந்தார். ரோட்டில் இன்னும் நாலைந்து அச்சகம் அவருக்காகச் சாம்பிராணியோடு காத்துக்கொண்டிருந்ததால் மணியில் ஓர் அவசரம் தெரிந்தது. ஆனால் முடிக்க முடியாது. கடைசியில் திருஷ்டிப் பூசணிக்காய் உடைக்க வேண்டியவர் தாய்மாமன். அவர் இன்னும் வரவில்லை.

கும்பிட்டுக்கொண்டு நின்ற வேல்விழியின் கண் தற்செயலாகச் சரஸ்வதியின் பாதத்துக்குப் போனது.

சிவப்பு வரி.

ஒன்றல்ல. ஒன்றன் கீழ் ஒன்றாக, எறும்புச் சாரி மாதிரி ஏறிக்கொண்டே இருந்தது. அவள் ஒரு எட்டு முன்னால் வைத்துப் படித்தாள். அழித்தவர் பெயர்: அருள்பாண்டி. ஆலங்குளம் போயிருந்தது. அம்பாசமுத்திரம் போயிருந்தது. அருப்புக்கோட்டை பாதியில் இருந்தது. ஆங்கில எழுத்து வரிசைப்படி ஊர் ஊராக அழிந்துகொண்டிருந்தது.

அவள் கை கீபோர்டை நோக்கி நீண்டது.

"ஏ! ஏ! தொடாத!" என்றார் தனுஷ்கோடி. மணி நின்றது. மொத்த அச்சகமும் திரும்பிப் பார்த்தது. "பூசைல வச்ச ஆயுதத்த மறுபூசை வரைக்கும் தொடக்கூடாதுன்னு தெரியாது?"

"அண்ணாச்சி, ஃபைலெல்லாம் அழியுது. அருள்பாண்டி அண்ணாச்சி பேர்ல அழியுது. அவரு அனுமதிய எடுத்துட்டேன்னா நின்னுரும். ரெண்டே ரெண்டு கிளிக்."

"நாளைக்குப் பண்ணு."

"நாளைக்கு அழிக்கிறதுக்கு ஒண்ணும் இருக்காதுங்க."

தனுஷ்கோடி இடது கையை வேட்டி மடிப்புக்குள் மறைத்தார். அந்தக் கையில் மோதிர விரல் பாதிதான் இருக்கும். இளவயதில் ஒரு ஆயுத பூசையன்று, அவசர ஆர்டர் என்று அப்பா பேச்சை மீறி மிஷினை ஓட்டியதில் மீதிப் பாதி போனது. அதற்கப்புறம் அவர் அந்த நாளில் பேனாகூடத் திறந்ததில்லை. மற்ற எல்லா விஷயத்திலும் அவருடைய பக்தி ஊருக்காக. இதில் மட்டும் உண்மை. வேல்விழிக்கும் அது தெரியும். தெரிந்ததால்தான் இன்னும் பயமாக இருந்தது. வீம்பு பிடிப்பவரிடம் வாதாடலாம், பயந்தவரிடம் என்ன பேசுவது?

போடி போனது.

"மாமாவுக்குப் போன் போடுங்க சார்" என்றாள் சரவணக்குமாரிடம். அவன் போனை உயரப் பிடித்து வீடியோ எடுத்துக்கொண்டிருந்தான்.

"ரெக்கார்டிங் போயிட்டிருக்கு. கொஞ்சம் ஓரமா நின்னு பேசேன், ஃப்ரேம்ல விழுற" என்றான் டைரக்டர்.

தனுஷ்கோடியே போன் போட்டார். ஸ்பீக்கரில் போட்டார். மச்சானின் குரல் ஒலிபெருக்கி வைத்தது போல் வந்தது.

"வந்துக்கிட்டேதான் இருக்கேன் அத்தான். ரயில்வே கேட் போட்டிருக்கான். அதுக்குள்ள என்ன அவசரம்? தாய்மாமன் வராம பூசணிக்காய ஒடச்சுருவீகளோ?"

"மச்சான், அது இல்ல. லேப்டாப்புல என்ன பண்ணீக?"

"ஆயுத பூசை அதுவுமா என்ன பண்ணுவாக? சுத்தம் பண்ணேன். தொறந்து பாத்தா அம்புட்டும் குப்ப. ஊர் பேரா கெடக்கு, கண்ட கடக்காரன் மூஞ்சியா கெடக்கு. பழசக் கழிச்சாத்தான புதுசு வரும்? எல்லாத்தையும் மொத்தமாப் பிடிச்சு அமுக்கி விட்டுட்டேன்."

"அண்ணாச்சி, அது உங்க லேப்டாப்புல இருக்கிறது இல்ல. அம்புட்டும் இங்கன சர்வர்ல இருக்கிறது" என்று வேல்விழி போனை நோக்கிக் கிட்டத்தட்டக் கத்தினாள். "நிறுத்தச் சொல்லுங்க. வீட்ல யாராச்சும் இருந்தா லேப்டாப்ப மூடச் சொல்லுங்க."

"வீட்ல யாரு இருப்பா? பூசைக்கு எல்லாரும் கார்ல வந்துக்கிட்டிருக்கோம். வீட்டப் பூட்டியாச்சு. அது பாட்டுக்கு அழிச்சுக்கிட்டுக் கெடக்கும், நீ பதறாத." குரலில் முறுக்கு ஏறியது. "ஆமா, எனக்கு அழிக்க உரிம இருக்கா இல்லையா? குடுத்தீகளா இல்லையா?"

தனுஷ்கோடி போனை வைத்தார். கம்பம் போயிற்று.

எல்லாரும் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். மிஷின்மேன் சோணைமுத்து ஒவ்வொரு ஊராக வாய்விட்டுப் படித்தார், பஸ் ஸ்டாண்டில் கண்டக்டர் கூவுவதுபோல. "திண்டுக்கல்... திண்டுக்கல் போச்சு. ஈரோடு." சாம்பிராணிப் புகை திரையின் முன்னால் நெளிந்தது. சரஸ்வதி மாறாத புன்னகையோடு வீணை வாசித்துக்கொண்டிருந்தாள்.

வேல்விழி வாயை மூடிக்கொண்டு கணக்குப் போட்டாள். கோபி, ஓசூர், கமுதி, காரைக்குடி, கோவில்பட்டி. அதற்கு அடுத்தது மதுரை. மற்ற ஊர் போனால் சனிக்கிழமை நகல் இருக்கிறது, ஏஜெண்ட் காலில் விழுந்து திருத்தத்தை மறுபடி வாங்கிவிடலாம். மதுரை அப்படியில்லை. மதுரை நகைக்கடையின் ஆர்டர்தான் அந்த வருஷச் சீசனில் பெரியது. கடைக்காரர் ஒவ்வொரு தாளிலும் ஒவ்வொரு கிளையின் படம் கேட்டு, அத்தனையையும் ஓகே செய்து நேற்றுத்தான் ஏற்றியிருந்தார். இன்னொரு தடவை கேட்டால் ஆர்டரை அடுத்த அச்சகத்துக்கு அனுப்பிவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பார். சனிக்கிழமை டிஸ்கில் மதுரை என்ற பெயரில் ஒரு காலி ஃபோல்டர்தான் இருக்கிறது.

மதுரை போனால் அவளும் போனாள். அவள் போனால் நாளை மறுநாள் தெருமுனையில் வேன் அடிக்கிற ஹாரன் வீணாகாது.

"மெயினை ஆஃப் பண்ணுவமா?" என்றார் சோணைமுத்து.

"யு.பி.எஸ். இருக்குண்ணே. நின்னு ஓடும்."

"யு.பி.எஸ்.ஸைப் பிடுங்கு."

"அதுக்கும் பொட்டு வச்சாச்சு."

"கோவில்பட்டி கிட்ட வந்துருச்சு" என்றார் சோணைமுத்து.

பொட்டு. அவள் தலையைச் சாய்த்து, மேஜையின் பின்பக்கத்தைப் பார்த்தாள். மானிட்டருக்குப் பொட்டு. கீபோர்டுக்குப் பொட்டு. சர்வர் பெட்டிக்கு நெற்றி நிறைய. பின்னால், சுவரோரம், தூசி படிந்து ஒரு நீல ஒயர் சர்வரின் முதுகிலிருந்து கிளம்பி மூலைக்குப் போனது. வெளியுலகமெல்லாம் உள்ளே வருவது அதன் வழியாகத்தான். அதை யாரும் துடைக்கவில்லை. ஒரு சொட்டுச் சந்தனம்கூட அதற்குக் கிடைக்கவில்லை.

அவள் பூசாரி பக்கம் திரும்பினாள். "சாமி, ஒரு சந்தேகம். சந்தனம் குங்குமம் வைக்காத சாமானு பூசைல சேத்தியா?"

கருப்பணன் வாசல் பக்கம் பார்த்தார். அடுத்த அச்சகத்திலிருந்து ஏற்கெனவே இரண்டு தடவை ஆள் வந்துவிட்டுப் போயிருந்தது. "பொட்டு வச்சாத்தான் ஆயுதம். வைக்காதது வெறும் சாமானு."

"தொட்டா குத்தம் இல்லையே?"

"வெறும் சாமானைத் தொட்டா என்னம்மா குத்தம்? நாந்தான் சொல்றேம்ல" என்றார் சத்தமாக, முதலாளிக்குக் கேட்கிற மாதிரி.

தனுஷ்கோடி அந்த ஒயரைப் பார்த்தார். பூசாரியைப் பார்த்தார். மறைத்து வைத்திருந்த கை மடிப்புக்குள் இறுகியது. சரி என்று சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

"மதுர!" என்றார் சோணைமுத்து. "மதுரைல கை வச்சுட்டான்!"

வேல்விழி மேஜைக்கு அடியில் மண்டியிட்டுப் போனாள். பூசையில் இருந்த எதன் மேலும் துணி படக்கூடாதென்று துப்பட்டாவை இடுப்பில் செருகிக்கொண்டாள். மாலையின் ஒரு பூ அவள் பிடரியில் உதிர்ந்தது. கையை வளைத்து விட்டு, பெட்டியைத் தொடாமல், ஒயரின் நுனியை மட்டும் இரண்டு விரலால் நெருடினாள். அதில் ஒரு சின்ன நாக்கு உண்டு. அதை அமுக்கினால்தான் கழன்று வரும். வேர்த்த விரல் வழுக்கியது. மறுபடி பிடித்தாள். வழுக்கியது.

"போகுது, போகுது" என்றது மேலே சோணைமுத்துவின் குரல்.

டிக் என்று ஒரு சத்தம். ஒயர் கையோடு வந்தது.

அவள் மேஜைக்கு அடியிலேயே இருந்தாள். எழுந்து வந்து பார்க்கத் தைரியம் இல்லை.

"நின்னுருச்சு" என்றார் சோணைமுத்து. "மதுரைல ஒண்ணு ரெண்டுதான் போயிருக்கு. ஊரு நிக்குது."

கருப்பணன் சட்டென்று மணியை எடுத்து அடித்தார். அந்த நேரம் பார்த்து வாசலில் கார் வந்து நின்றது. பட்டுச் சட்டையும் அங்கவஸ்திரமுமாக அருள்பாண்டி இறங்கினார். பூசணிக்காயை வாங்கிச் சுற்றி, ரோட்டில் ஓங்கி உடைத்துவிட்டு, கை தட்டிக்கொண்டே உள்ளே வந்தார்.

"சர்வரையும் சேத்துச் சுத்தம் பண்ணிட்டேன் அத்தான். வருசக் குப்ப. இதுக்கெல்லாம் யாரும் எனக்கு நன்றி சொல்ல வேண்டாம்" என்றார். ஒருவரும் சொல்லவில்லை. அவர் அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்.

மறுநாள் மறுபூசை முடிந்ததும் வேல்விழி முதல் காரியமாக ஊக்கை எடுத்து, பேக்கப் டிஸ்கின் வாயிலிருந்த சந்தனத்தைக் கிளறி எடுத்தாள். சனிக்கிழமை வரை இருந்தது எல்லாம் வந்தது. மதுரையில் போன ஒன்றிரண்டு படமும் நகைக்கடை டிசைனரின் போனிலேயே இருந்தன, திட்டிக்கொண்டே அனுப்பிவிட்டான். மற்ற ஊர்த் திருத்தத்துக்கு ஏஜெண்டுகளைக் கூப்பிட வேண்டியிருந்தது. எல்லாருக்கும் 'டிஜிட்டல் புத்தாக்கப் பணிகளின் காரணமாக' என்று ஆரம்பித்து ஒரு செய்தி எழுதிக் கொடுத்தான் சரவணக்குமார். அதைப் படித்த கம்பம் ஏஜெண்ட் போன் போட்டார். "ஏம்மா, புத்தாக்கம்கிறீக, எங்க ஊரையே காணோம்கிறீக. நாங்க இங்கனதான் இருக்கோம், வேணும்னா வந்து பாருங்க."

மத்தியானம் தனுஷ்கோடி அவளைக் கூப்பிட்டார். அறையில் தங்கத்தாயும் இருந்தாள், நின்றபடி. சீப்பு வாழைப்பழத்தைப் பிரசாதமாகக் கொடுக்க வந்தவள்.

"ஒரு ஊரு போனாலும் வீட்ல இருன்னு சொல்லிருந்தேன்" என்று ஆரம்பித்தார் தனுஷ்கோடி.

"சொன்னீங்க அண்ணாச்சி."

"சொன்ன வாக்கு மாறக்கூடாதுல்ல? நாள் பின்ன எம்பேச்சுக்கு என்ன மதிப்பு?"

தங்கத்தாய்தான் பேசினாள், பழத்தை ஒவ்வொன்றாகப் பிய்த்துக்கொண்டே.

"தொலச்சது எந்தம்பி. அவன வீட்டுக்கு அனுப்பிருவீகளா?"

"அதெப்படி முடியும்?"

"முடியாதுல்ல. அப்ப இந்தப் புள்ளையவும் அனுப்பாதீக. போர்டுல எம்பேருதான எழுதிருக்கீக? நான் கேட்டேன்னு வச்சுக்கோங்க." ஒரு பழத்தை அவர் கையில் வைத்தாள். "ஆனா எந்தம்பிக்கு ஒண்ணும் தெரிய வேணாம். உரிமையப் பிடுங்கினோம்னு தெரிஞ்சா, சரவணன் கல்யாணத்துக்குத் தாய்மாமன் சீர் வராது."

தனுஷ்கோடி பழத்தை உரித்தார். பாதி விரலால் உரிப்பது கொஞ்சம் சிரமம். "அப்ப என்ன செய்யணும்கிற?" என்று வேல்விழியைப் பார்த்துக் கேட்டார். அவளிடம் அவர் அப்படிக் கேட்டது அதுதான் முதல் தடவை.

"யாரும் அழிக்கக்கூடாது அண்ணாச்சி. பழையபடி."

"நானுமா?"

"நீங்களுந்தான்."

அவர் வெகுநேரம் மென்றார். "சரி போ" என்றார்.

அருள்பாண்டிக்கு என்று சர்வரில் ஒரு தனி ஃபோல்டர் உண்டாயிற்று. அதற்கு 'தாய்மாமன்' என்று பெயர் வைத்தாள் வேல்விழி. அதற்குள் அவர் என்ன வேண்டுமானாலும் ஏற்றலாம், என்ன வேண்டுமானாலும் அழிக்கலாம். லேப்டாப்பில் அதைத் தவிர வேறொன்றும் தெரியாது. பழைய ஆல்பங்களின் நகல், காலாவதியான காலண்டர் என்று அவள் அதில் கொட்டி வைப்பாள். அவர் நேரம் கிடைத்தபோதெல்லாம் உட்கார்ந்து அழிப்பார். காலையில் அவள் மறுபடி நிரப்பி வைப்பாள். கம்பெனியில் தனக்கு மட்டும்தான் சர்வரில் சொந்தப் பெயரில் இடம் இருக்கிறது என்று கல்யாண வீடுகளில் அவர் சொல்லிக்கொள்கிறார். சரவணக்குமார் அதைக் கேள்விப்பட்டு, டைரக்டருக்கு இல்லாத ஃபோல்டரா என்று வந்து நின்றான். அவனுக்கும் ஒன்று கிடைத்தது. மாமாவுடையதைவிடப் பெரியது வேண்டுமென்றான். பெரியதாகவே கொடுத்தாள்.

ஆலை வேன் இன்னும் தெருமுனையில் அந்தக் கூடுதல் ஹாரனை அடித்துவிட்டுத்தான் போகிறது. இருளம்மாள் வாசல் வரை போய், வேன்காரனைப் பார்த்துக் கையை ஆட்டிவிட்டு வருகிறாள்.

கொஞ்ச நாள் கழித்து ஒரு சாயங்காலம், எல்லாரும் போன பிறகு தனுஷ்கோடி பிளேட் ரூமுக்கு வந்தார். கதவை ஒருக்களித்துச் சாத்திக்கொண்டார்.

"ஏத்தா, மச்சானுக்குப் போட்டுக் குடுத்தியே, அது மாதிரி எனக்கும் ஒண்ணு போடு."

"அது சும்மா விளையாட்டு ஃபோல்டர்னு உங்களுக்குத்தான் தெரியுமே அண்ணாச்சி?"

"தெரியும். தெரிஞ்சுதான் கேக்கேன்." அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னார். "மொதலாளிக்கும் எதையாச்சும் அழிச்சுப் பாக்கணும்னு இருக்காதா?"